மூன்றாவது மில்லின் மாடிக் கதவு

பிப்ரவரி 3

அண்ணா,

ஆறு வருஷத்துக்கு அப்புறம் எழுதறேன். அம்மா போனப்போ எழுதினதுதான் கடைசி. அதுக்கு நீ வரவும் இல்ல, பதில் போடவும் இல்ல. அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கு. ஓரமா எடுத்து வெச்சிருக்கேன், வேணும்போது எடுத்துக்கறேன். இது வேற விஷயம்.

போன்ல பேசலாம்னா உனக்குக் காது கேக்காது. மெசேஜ் போட்டா படிச்சிட்டுக் கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருப்ப. கடிதம்னா அண்ணி உன் கைல பேனாவைத் திணிச்சாவது பதில் எழுத வைப்பாங்க.

இங்க நூலகத்துல ஊர் வரலாற்றுக்குன்னு ஒரு அறை திறக்கறாங்க. ஆத்தோரம் இருக்கற அஞ்சு பழைய மில்லையும் இடிச்சிட்டு அடுக்குமாடி வரப்போகுது. இடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் உள்ளயும் வெளியயும் படம் எடுத்து, கீழ நாலு வரி எழுதிக் குடுக்கணும். அந்த வேலை என் ஸ்டுடியோவுக்கு வந்திருக்கு. இத்தனை வருஷமா 'காதைக் காட்டுங்க, தோளை இறக்குங்க'ன்னு பாஸ்போர்ட் படம் எடுத்த எனக்கு, வாயை மூடிட்டு நிக்கற கட்டடம் கிடைச்சது பெரிய நிம்மதி. மாவு மில் முடிஞ்சது. எண்ணெய் மில் முடிஞ்சது. மூணாவது, நம்ம மில்.

'நம்ம'ன்னு எழுதினதும் கை நின்னுடுச்சு.

எனக்கு அப்போ பதினொரு வயசு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச நேரத்துல மாடில நூல் சுத்தற அறை தீப்பிடிச்சு ஏழு பொம்பளைங்க போனாங்க. வெளில இருக்கற இரும்புப் படிக்கட்டுக்குப் போற கதவு பூட்டியிருந்தது, மில் சாவிக்கெல்லாம் அப்பாதான் பொறுப்பு, அந்தச் சாவி நம்ம வீட்டு ஆணில தொங்கிச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கப்புறம் அப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல. 'சாவிக்காரன்'தான். மில் வாசல்ல பதிச்ச கல்லுலயே 'சாவிக்காரரின் கவனக்குறைவால்'னு வெட்டி வெச்சுட்டாங்க.

நீ அப்போ அங்க பஞ்சு மூட்டை தூக்கிட்டு இருந்த. பத்தொன்பது வயசு. உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அந்த அறைக்கு எப்படிப் போறது, யார் யார் அங்க வேலை பாத்தாங்க, தெரிஞ்சதை எழுது.

தங்கச்சி


பிப்ரவரி 11

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம்.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கீழே கிடங்கில் இருந்தவன். மாடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தையது. ஆறின புண். அதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அப்பா சாவியைக் கொண்டுபோய் வீட்டில் மாட்டினார். அது உண்மை. அந்த உண்மையோடு அவரும் போய்ச் சேர்ந்தார். வெளிச்சுவரை நாலு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு நாலாவது மில்லுக்குப் போ.

அம்மாவுக்கு வராதது பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அந்த ஊருக்குள் கால் வைக்க முடியவில்லை. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

நாலாவது மில் எங்கயும் ஓடிப்போகாது. மூணாவதை முடிச்சிட்டுத்தான் போவேன்.

முதல்ல என் அசட்டுத்தனத்தைச் சொல்றேன். செத்துப்போனவங்கள்ல ஒருத்தரை எல்லாரும் 'சிரிப்பக்கா'ன்னு கூப்பிடுவாங்களே, அவங்க பொண்ணு என் ஸ்டுடியோவுக்கு ரெண்டு தெரு தள்ளித் தையல் கடை வெச்சிருக்காங்க. அம்மா போனப்போ நாலு வயசாம். அவங்க அம்மா படம் ஒண்ணு இருந்தா வரலாற்று அறைல வைக்கலாமேன்னு கேட்டுப் போனேன். அளவு எடுத்துட்டு இருந்த டேப்பைக் கழுத்துல இருந்து உருவினாங்க. நம்மளை அடிக்கப் போறாங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். "சாவிக்காரன் மகளுக்கு என் அம்மா படம் எதுக்கு?"ன்னு கேட்டுட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிட்டாங்க. குனிஞ்சுதான் வெளிய வந்தேன்.

சரி, போகட்டும். இதைக் கேளு. அந்த அறைக்குள்ள போயிட்டேன். தீக்கு அப்புறம் யாருமே அதைப் புழங்கல. கூரைத் தகரம் இடிஞ்சு விழுந்ததை அள்ளக்கூட இல்ல, அப்படியே பூட்டி வெச்சுட்டாங்க. விசாரணைக்கு வந்தவங்களும் உள்ள போக முடியலன்னு வெளிப் படிக்கட்டுல நின்னு பூட்டின கதவை மட்டும் பாத்துட்டு எழுதினாங்களாம். நூலகத்துல அந்த அறிக்கை இருக்கு, படிச்சேன்.

நான் தகரத்துக்கு அடியில தவழ்ந்து, வெளிக்கதவு இருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். அங்க கதவு இல்ல. செங்கல் சுவர். பூசாத, அவசரத்துல வெச்ச கல்லு. சரி, தீக்கு அப்புறம் யாரோ அடைச்சிருக்காங்கன்னு நினைச்சு கேமராவை நிறுத்தினேன். வெளிச்சம் போட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. செங்கல்லு மேல கரி. கல்லுக்கு நடுவுல இருக்கற சாந்து மேலயும் கரி. சுத்தி இருக்கற பழைய சுவர்ல எப்படிப் படிஞ்சிருக்கோ அதே மாதிரி, தரைல இருந்து மேல வரைக்கும்.

தீக்கு அப்புறம் கட்டின சுவர்ல தீயோட கரி எப்படி வரும்? சுவர் முதல்ல. தீ அப்புறம்.

அந்தப் பொம்பளைங்க முன்னாடி இருந்தது பூட்டின கதவே இல்ல அண்ணா. அப்பா சாவியை வீட்ல மாட்டினா என்ன, இடுப்புல சொருகினா என்ன? படம் அனுப்பியிருக்கேன். கண்ணாடி போட்டுட்டுப் பாரு.

தங்கச்சி


மார்ச் 1

தங்கைக்கு,

படம் வந்தது. பார்த்தேன்.

கரி எப்படி வேண்டுமானாலும் படியும். பிறகு வேறு புகை வந்திருக்கலாம். நீ போட்டோ எடுக்கிறவள், தீயணைப்புக்காரி அல்ல.

உள்ளே எடுத்தது போதும். வெளிப்பக்கக் கதவைத் திறக்க வேண்டாம். துருப்பிடித்த படிக்கட்டு. விழுந்தால் தூக்கக்கூட ஆள் இருக்காது. பெரியவன் சொல்வதைக் கேள்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா இருக்கு உன் கடிதம். வெளிப்பக்கத்துல இன்னும் கதவு இருக்குன்னு நான் எழுதவே இல்லையே? எனக்கே அப்போ தெரியாது. நீ திறக்காதேன்னு எழுதினதும்தான் திறக்கணும்னு தோணிச்சு.

படிக்கட்டு துருதான். வெல்டிங் பட்டறைக்காரர் வந்து மூணு படிக்கு முட்டுக் குடுத்தார். மேல ஒரு மரக்கதவு, பச்சைப் பெயின்ட், அப்படியே நிக்குது. வெளிய இருந்து பாக்கறவனுக்கு இது கதவு. உள்ள சுவர். என்ன ஒரு மூளை பாரு! பூட்டை அறுத்துத் திறந்தோம்.

இந்தப் பக்கம் செங்கல் சுத்தமா இருக்கு, கரியே இல்ல. ஆனா நெஞ்சு உயரத்துல அஞ்சாறு கல்லு முழுக்கத் தழும்பு. கடப்பாரையால யாரோ குத்தியிருக்காங்க, வெறி பிடிச்ச மாதிரி. வெல்டிங்காரர் விரலை விட்டுப் பாத்துட்டு, "இது ஒரே ஆள் குத்தினதுங்க. எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு, இடது கைக்காரன்"னார்.

நம்ம வீட்ல இடது கைக்காரன் யாரு அண்ணா?

படத்தை நாலு நாள் பாத்துட்டே இருந்தேன். நீ கிடங்குலதான் இருந்தியா? நீ எழுதற வரைக்கும் அடுத்த கடிதம் போட மாட்டேன். ஆனா வேலையை நிறுத்தவும் மாட்டேன்.

தங்கச்சி


மார்ச் 27

குருவி,

இந்தப் பேர் சொல்லி உன்னைக் கூப்பிட்டே எத்தனை வருஷம். மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். அண்ணி அந்தத் துண்டையெல்லாம் பொறுக்கிப் படிச்சிட்டு, "முழுசா எழுது, இல்லைன்னா நான் எழுதுவேன்"னா. கல்யாணம் ஆகி முப்பது வருஷம், அவகிட்டயும் சொன்னதில்ல. சுத்தத் தமிழ்ல எழுதினா வர மாட்டேங்குது. வர்ற மாதிரி எழுதறேன்.

அந்தப் பொம்பளைங்க அப்பப்போ அந்த இரும்புப் படில வந்து நின்னு காத்து வாங்குவாங்க. பஞ்சுத் தூசு நெஞ்சை அடைக்கும், ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. அது சூப்பர்வைசருக்குப் பொறுக்கல. ஒரு லீவு நாள்ல வெளியூர்க் கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து உள்பக்கம் சுவர் வெச்சுட்டார். சட்டப்படி ரெண்டு வழி இருக்கணும், அதனால கதவை வெளிய அப்படியே விட்டுட்டார். உள்ள மரப்பெட்டிகளை அடுக்கி மறைச்சாச்சு. அப்பா வேண்டாம்னு சொல்லிப் பாத்திருக்கார். கேக்கல. இனிமே இந்தச் சாவிக்கு வேலையில்லன்னு வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிட்டார். இது தீக்கு நாலு நாள் முன்னாடி. எனக்கு அப்போ எதுவும் தெரியாது, ஊரை விட்டு அனுப்பறப்போதான் அப்பா சொன்னார்.

தீன்னு சத்தம் வந்ததும் கிடங்குல இருந்து ஓடி வந்தேன். பெரிய படிக்கட்டு முழுக்கப் புகை. அப்பா அங்க நின்னு வர்றவங்களை இழுத்து இழுத்து வெளிய விட்டுட்டு இருந்தார். எனக்குச் சட்டுனு சாவி ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்கு ஓடினேன். அப்பா பின்னாடி ஏதோ கத்தினார். நிக்கல. "அது கதவில்லடா"ன்னு கத்தினாராம்.

சாவியோட ஏறினேன். பூட்டு உடனே திறந்துடுச்சு. கதவை இழுத்தா சுவர். அந்தப் பக்கம் இருந்து தட்டறாங்க. கீழ கிடந்த கடப்பாரையை எடுத்துட்டு வந்து குத்தினேன். எவ்வளவு நேரம்னு தெரியல. அப்புறம் அந்தப் பக்கம் சத்தம் நின்னுடுச்சு. நான் நிறுத்தல.

சூப்பர்வைசர்தான் என்னைப் பின்னால இருந்து இழுத்தார். "கதவைப் பூட்டு. சாவியை எடுத்த இடத்துலயே மாட்டு. சுவர் இருந்தது உங்கப்பனுக்குத் தெரியும், அவனும் வாயைத் திறக்கல. வெளிய தெரிஞ்சா முதல்ல அவனைத்தான் தூக்குவாங்க"ன்னார்.

பூட்டினேன் குருவி. இந்தக் கையாலதான் பூட்டினேன். அப்பாவைக் காப்பாத்தறேன்னு நினைச்சு அவர் கழுத்துல கட்டின கல்லு அது.

மறுநாள் காலைல அப்பா என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பாத்தார். விசாரணைல, "சாவி என் வீட்டில் இருந்தது"ன்னு மட்டும் சொன்னார். யார் பூட்டினதுன்னு கேள்வி வந்தா என்கிட்ட வந்து நிக்கும்னு அவருக்குத் தெரியும். அந்த வாரமே என்னை ஊரை விட்டு அனுப்பினார்.

கப்பல் பட்டறைல முப்பது வருஷம் தகடு அடிச்சேன். காது போச்சுன்னு எல்லாரும் பரிதாபப்பட்டாங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா அந்தத் தட்டற சத்தம் மட்டும் போகல.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணா,

உன் கடிதத்தை ஸ்டுடியோ இருட்டறைல உக்காந்து படிச்சேன். வெளிய ஒருத்தர் படத்துக்குக் காத்துட்டு இருந்தார். அவரை அப்படியே அனுப்பிட்டேன்.

உனக்காக அழுதேன். அப்புறம் கோபம் வந்துச்சு. நீ ஊரை விட்டுப் போயிட்ட. நான் இங்க இருந்தேன். ஸ்கூல்ல என் பக்கத்துல உக்கார மாட்டாங்க. அம்மா தண்ணி பிடிக்கப் போனா குழாயடில பேச்சு நின்னு போகும். அப்பா ஒன்பது வருஷம் வாசல் பக்கம் முதுகைக் காட்டியே உக்காந்திருந்தார். ஒரு கடிதம், ஒரே ஒரு வரி நீ எழுதியிருந்தா, அம்மாவாவது தெரிஞ்சிட்டுப் போயிருப்பாங்க. பத்தொன்பது வயசுல பயந்த, சரி. நாப்பது வயசுல? அம்பது வயசுல?

அப்பாவையும் நான் வெள்ளையடிக்கப் போறதில்ல. நாலு நாள் அவருக்குத் தெரியும். அந்தப் பொம்பளைங்க தினமும் அவரைத் தாண்டித்தான் மாடிக்குப் போனாங்க. 'அந்தப் பக்கம் வழி இல்லம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. படத்துக்குக் கீழ அதையும் எழுதுவேன்.

இப்போ என்ன செய்யப் போறோம்னு சொல்றேன், செய்யலாமான்னு கேக்கல. ஏப்ரல் 24, காலை பத்து மணி, நூலகம். ஏழு குடும்பத்துக்கும் நானே நேர்ல போய்ச் சொல்லிட்டு வர்றேன். ரெண்டு பக்கச் சுவர் படத்தையும் பெருசாக்கி மாட்டறேன். உன் கடிதத்தை நான் படிக்க மாட்டேன். காதுதானே போச்சு, வாய் இருக்கில்ல? நீ வந்து சொல்லு.

வரலைன்னா, படத்துக்குக் கீழ 'இந்தப் பக்கம் குத்தியவர் வரவில்லை'ன்னு எழுதி வைப்பேன். செய்வேன்னு உனக்குத் தெரியும்.

குருவி


ஏப்ரல் 15

குருவி,

இருபத்திமூணு காலை வண்டி. அண்ணியும் வர்றா. நான் நடுவழில இறங்கிடுவேன்னு அவளுக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

அண்ணன்


மே 2

அண்ணா,

நீங்க ஊர் போய்ச் சேர்ந்ததா அண்ணி மெசேஜ் போட்டாங்க. நீ சாப்பிடறதில்லன்னும் போட்டாங்க. சாப்பிடு.

நீ போனப்புறம் நடந்ததை எழுதணும். நூலகத்துல நீ பேசும்போது கத்திட்டு எழுந்து போனாரே ஒருத்தர், அவர் மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். நீ ஜெயிலுக்குப் போகணும்னு இன்னமும் சொல்றார். மறுக்கல நான். சூப்பர்வைசர் செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னதும், "அவன் மட்டும் நல்லபடியா போயிட்டான்"னு சொல்லிட்டு உக்காந்துட்டார். தீல போன அவர் பெரியம்மா பேரை எந்த எழுத்துல எழுதறதுன்னு சொல்லிட்டுப் போனார்.

ஏழு குடும்பமும் கையெழுத்துப் போட்டு நகராட்சிக்கு மனு குடுத்தோம். மில்லை இடிச்சாலும் வாசல் கல்லை எடுத்துட்டு அங்க வேற கல் வைக்கணும், 'மாடி வழி சுவரால் அடைக்கப்பட்டிருந்தது'ன்னு அதுல வரணும். மூணு தடவை நடக்க வெச்சாங்க. நாலாவது தடவை அஞ்சு பேரா போய் வராந்தால உக்காந்தோம். ஒத்துக்கிட்டாங்க.

ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். நீ பேசி முடிச்சதும் தையல்காரம்மா ஒரு துண்டுச்சீட்டுல ஏதோ எழுதி உன் கைல குடுத்தாங்க. நீ படிச்சிட்டு அவங்க காதுகிட்ட குனிஞ்சு என்னமோ சொன்ன. அவங்க அப்படியே வாயைப் பொத்திட்டு வெளிய போனாங்க. அன்னைலேர்ந்து கடை திறக்கல. என்ன கேட்டாங்க?

குருவி


மே 10

குருவி,

'என் அம்மா ஏதாவது சொன்னார்களா?' இதுதான் அந்தச் சீட்டுல இருந்தது.

உனக்கு எழுதின கடிதத்துல இதை விட்டுட்டேன். வேணும்னேதான். எழுதக் கை வரல. அந்தப் பக்கம் இருந்தவங்க சும்மா தட்டல. நான் குத்தறது அவங்களுக்குக் கேட்டிருக்கு. உள்ள இருந்து ஒரு குரல், "வெளிய யாருப்பா? சேர்ந்து அடிப்போம், நான் எண்ணறேன்"னு சொல்லிச்சு. அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுக்கு அவங்களும் அடிப்பாங்க, நானும் அடிப்பேன். மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு. இருமுவாங்க, ஆனா எண்ணிக்கை தப்பல. அந்தக் குரல் யாரோடதுன்னு எனக்குத் தெரியும். கிடங்கு வழியா போகும்போது தினமும் என்னைக் கிண்டல் பண்ணிச் சிரிச்ச குரல்தான்.

அதைத்தான் சொன்னேன். "உங்க அம்மாதான் எண்ணினாங்க"ன்னு.

சொல்லியிருக்கக் கூடாதோ?

அண்ணன்


மே 19

அண்ணா,

நீ கேட்டதுக்குப் பதில் என்கிட்ட இல்ல, அவங்ககிட்ட இருக்கு. நடந்ததைச் சொல்றேன், நீயே பாத்துக்கோ.

உன் கடிதம் வந்த மறுநாள் கடையைத் திறந்துட்டாங்க. நேரா என் ஸ்டுடியோவுக்கு வந்து, "அந்தச் சுவரை எனக்குக் காட்டு. உள்பக்கம்"னாங்க. இருபத்தொண்ணாம் தேதி இடிக்க ஆரம்பிக்கறாங்க. நேத்து மத்தியானம் போனோம். தகரத்துக்கு அடியில அவங்களும் தவழ்ந்து வந்தாங்க, புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு.

நான் முதல்ல எடுத்த படத்துல விளக்கை நேரா வெச்சிருந்தேன். அதனால எல்லாம் ஒரே கறுப்பாதான் தெரிஞ்சது. இந்தத் தடவை, "விளக்கைச் சுவரோட ஒட்டிப் பக்கவாட்டுல பிடிங்க"ன்னு அவங்ககிட்ட குடுத்தேன். அப்போதான் மேடு பள்ளம் தெரியும். பிடிச்சாங்க. தெரிஞ்சது. இடுப்பு உயரத்துல ஆரம்பிச்சு நெஞ்சு வரைக்கும் பள்ளம் பள்ளமா இருந்துச்சு. மறைச்சிருந்த பெட்டிகளைத் தள்ளிட்டு இரும்பு முக்காலியால அடிச்சிருக்காங்க, அதோட கால் போட்ட வட்டம். அந்தப் பள்ளத்துக்குள்ளயும் கரி. அதாவது முதல்ல அடி, அப்புறம்தான் புகை வந்து மூடியிருக்கு.

நான் வெளிய எடுத்த அளவை வெச்சுப் பாத்தேன். மேல இருந்து பதினாலாவது வரிசை, இடது ஓரத்துல இருந்து மூணாவது கல்லு. நீ அதிகமா குத்தினதும் அதுதான், அவங்க அதிகமா அடிச்சதும் அதுதான். அந்தக் கல்லைச் சுத்தி இருந்த சாந்து ரெண்டு பக்கமும் விட்டிருக்கு. தையல்காரம்மா கையை வெச்சு அழுத்தினாங்க. அசைஞ்சது அண்ணா. இன்னும் ஒரு விரக்கடை போயிருந்தா கல்லு உன் கைக்கு வந்திருக்கும்.

அவங்க ரொம்ப நேரம் கையை எடுக்கல. அப்புறம், "உங்க அண்ணனை மன்னிச்சிட்டேன்னு எழுதாதே. அவர் பூட்டினது பூட்டினதுதான்"னாங்க. சரின்னேன். "ஆனா எங்கம்மா தனியா இல்ல. இதை எழுது"ன்னாங்க. அவங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன்.

அந்தக் கல் இருக்கற வரிசையோட மேலயும் கீழயும் சேர்த்து மூணு வரிசையை இடிக்கறதுக்கு முன்னாடி வெட்டி எடுத்து நூலகத்துல வைக்கறோம். ரெண்டு பக்கமும் பாக்கற மாதிரி, நடு அறைல. வெல்டிங்காரர் சட்டம் அடிச்சுக் குடுக்கறார். எழுத வேண்டியதை எழுதிட்டேன். சுவர் வெச்சவர், தெரிஞ்சும் சொல்லாதவர், குத்தினவர், பூட்டினவர், எண்ணினவர், எல்லாம் இருக்கு. எண்ணினவங்களுக்கு முதல் வரி.

திரும்பி வர்றப்போ தையல்காரம்மா கேட்டாங்க, "இன்னும் எத்தனை மில்லு பாக்கி?"

"ரெண்டு."

"அங்கயும் மாடி இருக்கா?"

"இருக்கு."

"நீ முன்னாடி எடுத்த ரெண்டுலயும் எல்லாக் கதவையும் திறந்து பாத்தியா?"

இல்லைன்னேன். வெளிய அழகா இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன்னேன். வெக்கமா இருந்துச்சு.

"அப்போ மாவு மில்லுல இருந்து திரும்ப ஆரம்பி. நான் மத்தியானத்துல கடையை அடைச்சிட்டு வர்றேன். விளக்கை நான் பிடிக்கறேன்"னாங்க.

இதை எழுதிட்டு இருக்கும்போதே வந்துட்டாங்க. கைல டார்ச், காலுக்குப் பழைய ஷூ. "இன்னும் என்னம்மா எழுதற?"ன்னு வாசல்ல நிக்கறாங்க. கிளம்பறேன்.

குருவி